கிளையும் கொம்பும்

நண்பர்களே, வணக்கம்.

2011 ஏப்ரலில் க்னோம் 3 வெளிவந்தது. லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்திய ஏராளமானோருக்குக் கணினியைத் திறந்தால் கண்ணில் படும் டெஸ்க்டாப்பே க்னோம்தான். புதிய பதிப்பைத் திறந்தால் கீழே இருந்த பட்டையைக் காணோம். மினிமைஸ் பட்டனைக் காணோம். சரி, அணைத்துவிடலாம் என்று மெனுவுக்குப் போனால் அங்கே 'சஸ்பெண்ட்' மட்டும் இருக்கிறது. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால்தான் அது 'பவர் ஆஃப்' என்று மாறும். யாராவது சொல்லித் தராமல் இது எப்படித் தெரியும்?

கோபம் கிளம்பியது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே பகிரங்கமாகக் குறை சொல்லிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறு டெஸ்க்டாப்புக்குப் போய்விட்டார். அப்புறம் க்னோமுக்கே திரும்பியும் வந்தார்.

வடிவமைத்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு மென்பொருளில் ஆம், இல்லை என்று பத்துத் தெரிவுகள் வைத்தால் 1,024 விதமாக அது அமையலாம். அத்தனையையும் யார் சோதிப்பது? தெரிவுகளைக் குறைத்து, இருப்பதை ஒழுங்காகச் செய்வோம் என்று அவர்கள் சொன்னது அகங்காரம் இல்லை. அவர்களில் பலர் சம்பளம் இல்லாமல் உழைப்பவர்கள். நான் விரும்பியதைத்தான் செய்ய வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை கிடையாது.

"பிடிக்கவில்லையா? மூலநிரல் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ" என்பது, நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற நம் கட்டற்ற மென்பொருள் உலகில் வழக்கமாக வரும் பதில். அப்படியே எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒருவர் க்னோம் 2-இன் நிரலை எடுத்துத் தொடங்கியதுதான் மாட்டே. தென் அமெரிக்காவில் குடிக்கும் ஒரு மூலிகைத் தேநீரின் பெயர் அது. பழையதும் புதியதும் ஒரே பெயரில் ஒரே கணினியில் இருந்தால் மோதிக்கொள்ளும் என்பதால் எல்லாவற்றுக்கும் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. கோப்புகளைப் பார்க்க உதவும் நாட்டிலஸ் 'காஹா' ஆனது. ஸ்பானிய மொழியில் பெட்டி. உரை எழுதும் ஜிஎடிட் 'ப்ளூமா' ஆனது, பேனா. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பட்டன், சாளரம் எல்லாவற்றையும் திரையில் வரைய அடியில் இருந்த ஜிடிகே 2 லைப்ரரி பழசாகிக்கொண்டே போனது. முழுவதையும் ஜிடிகே 3-க்கு மாற்றி முடிக்க 2017 ஆகிவிட்டது. பழக்கத்தைக் காப்பாற்ற ஆறு வருட உழைப்பு! லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் தொகுப்பைத் தரும் குழுவினர் வேறு வழியில் போய், க்னோம் 3-ஐயே கிளையாகப் பிரித்து, அதாவது நிரலை நகலெடுத்துத் தனியாக வளர்த்து, சின்னமன் என்ற டெஸ்க்டாப்பைச் செய்தார்கள். இதைத் துரோகம் என்று பேசுவோரை நான் ஏற்பதில்லை. க்னோமே 1997-இல் ஒரு கருத்து வேறுபாட்டில் பிறந்ததுதான். கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப் சார்ந்திருந்த க்யூட்டி லைப்ரரியின் உரிமம் அன்றைக்குச் சுதந்திரமானதாக இல்லை என்பதால் தனியாகத் தொடங்கினார்கள்.

ஆனால் கிளை பிரிக்கும் சுதந்திரம் நிரல் எழுதத் தெரிந்தவருக்குத்தான் கைக்கு எட்டும். இதை நான் புரிந்துகொண்டது ஓர் அச்சகத்துக்காரரிடம்.

தமிழ் தட்டச்சுக்காக ஒரு சின்ன மென்பொருளைப் பராமரித்து வந்தேன். அதில் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் இருந்தது. டைப்ரைட்டரில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க'. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் 'க' முதலில், கொம்பு பிறகு. ஆகவே நிரல் கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்து, எழுத்து வந்ததும் இடம் மாற்றிப் போட வேண்டும். நடுவில் பேக்ஸ்பேஸ் அடித்தால் குழம்பிவிடும். பிழை திருத்திச் சலித்துப்போய் அந்த விசைப்பலகையையே நீக்கிவிட்டேன். தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதே, கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. "தம்பி, முப்பது வருஷமா கை இப்படித்தான் போகுது. கல்யாணப் பத்திரிகை நாளைக்குக் கொடுக்கணும். பழசு எங்க இருக்கு?" அவர் திட்டவில்லை. எங்கே போய்த் தேடுவது என்றுதான் கேட்டார். மூலநிரல் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? முந்தைய பதிப்பை எப்படி நிறுவுவது என்றுகூட நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

முடிவெடுத்தது என் உரிமை. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவர் கை பழகிய பாதையை, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், மாற்று வழி வைக்காமல் அடைத்தேன். அது தவறு. க்னோம் குழுவினர் 2013-இல் 3.8 பதிப்போடு பழைய பாணியில் 'கிளாசிக்' முறையைக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் முன்பே வந்திருந்தால் எவ்வளவு மனக்கசப்பு குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த விசைப்பலகையை இப்போது தனிக் கோப்பாகப் பிரித்து வைத்திருக்கிறேன், வேண்டுபவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். பேக்ஸ்பேஸ் பிழை மட்டும் இன்னும் முழுசாகத் தீரவில்லை. உங்களில் யாருக்காவது பார்க்க முடியுமானால், கூட்டம் முடிந்ததும் மடிக்கணினியோடு இந்த மூலையில்தான் உட்கார்ந்திருப்பேன்.