யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் போதுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பால்கிரேவ் என்று ஒரு கிராமம். 1774இல் அங்கே கவிஞர் அன்னா லெடிஷியா பார்பால்டும் அவருடைய கணவர் ரோஷ்மோனும் சேர்ந்து பையன்களுக்கு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். 8 பையன்களோடு ஆரம்பம், போகப் போக 40ஐ நெருங்கியது. 1785இல் உடம்பும் மனசும் அலுத்துப்போய் பள்ளியை மூடிவிட்டு பிரான்ஸ் பக்கம் பயணம் கிளம்பிவிட்டார்கள். மொத்தமே 11 வருஷம். அங்கே சிலேட்டுப் பிடித்த பையன்களில் சிலர் பின்னால் பேர் சொல்லும்படி ஆனார்கள். அவர்களை ஆளாக்கியது பிறந்த வீடா, படித்த பள்ளிக்கூடமா என்பதுதான் இன்றைய வழக்கு. நான் பள்ளிக்கூடத்துக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் பேசி முடித்தபோது பெரிய கைதட்டல். நானும்தான் தட்டினேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "பிரபு வீட்டுப் பிள்ளை பிரபு ஆனான், டாக்டர் வீட்டுப் பிள்ளை நீதிபதி ஆனான், வியாபாரி வீட்டுப் பிள்ளை கடையைப் பார்க்காமல் புத்தகம் எழுதினான். சோற்றுக்குக் கவலை இல்லாதவன் எங்கே படித்தாலும் தேறுவான். இதில் டீச்சரம்மாவுக்கு என்ன பங்கு?"

சரி. காசு இருந்தது. விடுதிச் சம்பளம் கட்ட வக்கில்லாத வீட்டுப் பிள்ளை அந்த வாசலை மிதித்திருக்க முடியாது, இதை நான் மறுக்கவே போவதில்லை. ஆனால் அண்ணன் ஒன்றை வசதியாக விட்டுவிட்டார். வீடு காசு மட்டுமா கொடுத்தது? இந்த வழியாகப் போ என்று ஒரு பாதையும் போட்டு வைத்திருந்ததே. நான் இன்றைக்குப் பேசப்போகிறவர்களில் ஒருத்தராவது அந்தப் பாதையில் ஒழுங்காக நடந்தாரா, அதை மட்டும் பாருங்கள்.

அதற்கு முன்னால் வகுப்பறைக்குள் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிடலாம். பார்பால்டு தம்பதி அரசாங்கத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவர்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடையாது, கேம்பிரிட்ஜில் பட்டம் கிடையாது. அதனால் அவர்கள் நடத்திய பள்ளிகளில் லத்தீனைப் போட்டு உருட்டுவதோடு நிற்காமல் பூகோளம், அறிவியல், இன்று பேசுகிற மொழிகள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பால்கிரேவில் பிரம்படிக்குப் பதில் அபராதமும் வேலைத் தண்டனையும் இருந்தன. தப்புச் செய்தவனைப் பையன்களே கோர்ட் கூட்டி விசாரிப்பதும் உண்டாம். நம் பள்ளிகளில் இதைச் செய்திருந்தால் வகுப்புத் தலைவன் பாடு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், வேண்டாம்.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் அந்த அம்மா பையன்களை வகுப்பு வகுப்பாகக் கூப்பிடுவார். ஒரு நீதிக்கதையோ சின்னக் கட்டுரையோ உரக்கப் படித்துக் காட்டி அனுப்பிவிடுவார். பையன்கள் போய், கேட்டதைத் தங்கள் சொந்த வார்த்தையில் சிலேட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும். வந்ததும் ஒவ்வொரு சிலேட்டாக அவரே உட்கார்ந்து பார்ப்பார். இலக்கணப் பிழையை அழிப்பார், கொச்சையாக இருந்தால் கண்டிப்பார், திரும்பத் திரும்ப வரும் சொல்லைச் சுட்டிக்காட்டுவார். நான் படித்த காலத்தில் கட்டுரை என்றால் நோட்ஸை நெட்டுருப் போட்டு அப்படியே இறக்குவது, ஒரு வரி மாறினால் மார்க் போய்விடும். இங்கேயோ மாறாவிட்டால்தான் தப்பு. கேட்டதை உன் வாயால் சொல் என்று ஒரு பையனை வாரம் இரண்டு தடவை வருஷக்கணக்கில் பழக்கிவிட்டு, அப்புறம் அவன் அப்பா சொன்னதை அப்படியே கேட்பான் என்று எதிர்பார்க்க முடியுமா?

வில்லியம் டெய்லர் கேட்கவில்லை. நாரிச் நகரத்துத் துணி ஏற்றுமதி வியாபாரியின் ஒரே மகன். அப்பாவின் கணக்கு எளிது: பையன் வெளிநாடு போய் நாலு மொழி கற்றுக்கொண்டு வந்தால் வியாபாரக் கடிதம் எழுத ஆள் ஆச்சு. பையனும் போனான், ஜெர்மன் கற்றான், வந்தான். வந்து செய்தது என்ன? லெஸ்ஸிங்கின் நாடகம், கதேயின் நாடகம், பூர்கரின் 'லெனோரெ' என்ற பேய்க்கதைப் பாட்டு என்று வரிசையாக ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஜெர்மன் இலக்கியம் என்றால் இங்கிலாந்தில் பெரும்பாலோருக்கு என்னவென்றே தெரியாத நாட்கள் அவை. மொழியை வாங்கிக் கொடுத்தது அப்பாவின் காசு, மறுக்கவில்லை. ஆனால் டெய்லர் தன் மனத்தின் தாய் என்று சொன்னது பார்பால்டு அம்மாவைத்தான்.

அந்த 'லெனோரெ' மொழிபெயர்ப்பு அச்சாகும் முன்பே, கையெழுத்துப் பிரதியாகச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்ததைக் கேளுங்கள். எடின்பரோவில் பேராசிரியர் டூகல்ட் ஸ்டூவர்ட் வீட்டில் ஒரு கூட்டம். பார்பால்டு அம்மா அங்கே விருந்தாளி. தன் பழைய மாணவன் எழுதியதை எடுத்து உரக்கப் படித்தார். பிணமாகிவிட்ட காதலன் குதிரையில் வந்து பெண்ணை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் பாய்கிற கதை. கேட்டவர்களுக்குப் புல்லரித்துவிட்டது. பின்னாளில் பெரிய நாவலாசிரியர் ஆன வால்டர் ஸ்காட் கூட்டத்தில் இல்லை. இருந்த ஒரு நண்பர், குதிரை தரையிலும் தண்ணீரிலும் பாயும் ஓசையை வைத்துக் கட்டிய இரண்டு வரிகளை அவரிடம் போய்ச் சொல்ல, ஸ்காட்டுக்குத் தூக்கம் போயிற்று. மூலத்தைத் தேடிப் பிடித்துத் தானும் மொழிபெயர்த்தார், அதுதான் 1796இல் அவருடைய முதல் புத்தகத்தில் வந்தது. பள்ளியை மூடிப் பல வருஷம் ஆன பிறகும், புதன்கிழமை சிலேட்டைப் படித்த அதே குரல் அந்தப் பையனுடைய வரியைப் படித்துக்கொண்டிருக்கிறது, நடுவர் அவர்களே. நாரிச் துணிக் கிடங்கு இதைச் செய்யுமா?

அடுத்து செல்கர்க் பிரபு வீட்டுச் சகோதரர்கள். நாலு பேர் பால்கிரேவில் படித்தார்கள். மூத்தவர் பேசில், டேர் பிரபு என்று அழைக்கப்பட்டவர், டீச்சரம்மாவின் செல்லப் பிள்ளை. 1786 அக்டோபரில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் இவரோடு ஒரே மேசையில் சாப்பிட நேர்ந்தது. பர்ன்ஸ் ஏர் பிடித்த ஆள், அதுவரை ஒரு பிரபுவோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பயந்துகொண்டே போனவர், பிரபுத் திமிர் எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தும் காணவில்லை, நல்ல உழவனுக்கு இருப்பதைவிட ஒரு பிடிகூட அதிகமில்லை என்று பாட்டே எழுதிவிட்டார். அப்போது டேருக்கு 23 வயது. பிறகு ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் மூத்த மகன்களுக்கு மக்கள் சபைத் தேர்தலில் ஓட்டு இல்லை என்ற வழக்கத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய் 1793இல் தோற்றார். தேர்தல் சீர்திருத்தம் கேட்ட 'மக்களின் நண்பர்கள்' சங்கத்தில் சேர்ந்தார். மறுவருஷமே காசநோயில் போய்விட்டார், 31 வயது. அவருடைய அப்பாவும் அரசாங்கத்தோடு முரண்டு பிடித்தவர்தான், எதிரணித் தங்கை சொன்னது சரி. ஆனால் உழவனுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட இவருக்கு எங்கே பழக்கமாயிற்று? வியாபாரி மகனும் பாதிரியார் மகனும் பிரபு மகனும் ஒரே மாதிரி சிலேட்டை நீட்டிக்கொண்டு ஒரே வரிசையில் நின்ற இடத்தில்தான் என்பது என் கட்சி.

அவருடைய தம்பி தாமஸ். ஏழாவது மகன், பட்டம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. அண்ணன்மார் ஒவ்வொருவராகச் செத்துப்போக 1799இல் செல்கர்க் பிரபு ஆனார். ஸ்காட்லாந்து மலைநாட்டில் நிலக்காரர்கள் ஆடு வளர்க்கக் குடியானவர்களைக் கிளப்பிக்கொண்டிருந்த காலம் அது. இவரும் நிலக்காரர் வர்க்கம்தான். இவர் என்ன செய்தார்? 1803இல் சுமார் 800 பேரைக் கப்பலேற்றிப் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் குடிவைத்தார். 1811இல் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியிடம் 1,16,000 சதுர மைல் வாங்கி, இன்று கனடாவின் வினிபெக் நகரம் இருக்கும் இடத்தில் குடியேற்றம் தொடங்கினார்.

"யார் நிலத்தை யார் யாருக்குக் கொடுப்பது?" என்று தங்கை கேட்டார். நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் மழுப்பல் கிடையாது. அங்கே ஏற்கெனவே க்ரீ, ஓஜிப்வே என்ற பூர்வகுடி மக்களும், பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மெட்டிஸ் மக்களும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1816இல் மெட்டிஸ்காரர்களோடு செவன் ஓக்ஸில் நடந்த மோதலில் கவர்னர் செம்பிளும் அவரோடு சுமார் 20 பேரும் செத்தார்கள். அடுத்த வருஷம் செல்கர்க் நேரில் போய் பெகுவிஸ் முதலான தலைவர்களோடு உடன்படிக்கை போட்டார், வருஷாவருஷம் நூறு நூறு பவுண்டு புகையிலை தருவதாக. அவ்வளவு பெரிய நிலத்துக்குப் புகையிலை! அவரை மகான் ஆக்க நான் வரவில்லை. வழக்குகளில் சொத்தையும் உடம்பையும் தொலைத்து 1820இல் பிரான்சில் 48 வயதில் இறந்தார். வீடு சொன்னபடி கேட்டிருந்தால் வாடகையை வசூலித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவருடைய தப்புகூட வீட்டுத் தப்பு இல்லை, அதுதான் என் வாதம்.

"40 பையனில் நாலைந்து பேரை மட்டும் பொறுக்கிப் பேசுகிறாயே, மற்றவன் எங்கே?" என்று அண்ணன் குறுக்கே கேட்டார். அதே பள்ளியில் வேறு பிரபுக்களின் பிள்ளைகளும் படித்தார்கள், மேடையேற்றிச் சொல்ல எனக்குக் கதை இல்லை. அவர்கள் வீடு போட்ட பாதையில் நேராகப் போயிருப்பார்கள். அவர்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே.

கடைசியாக, உங்கள் துருப்புச் சீட்டு. தாமஸ் டென்மன். அப்பா லண்டனில் பேர்பெற்ற பிரசவ மருத்துவர். பையன் 1779இல் பிறந்தவன், 1785இல் பள்ளியே மூடிவிட்டது, பிற்பாடு ஈட்டன் என்ற பெரிய பள்ளியில் படித்தான், ஆறு வயசுக்குள் பால்கிரேவ் என்ன கிழித்தது என்று கேட்டீர்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சொல்கிற மொழியில் நின்றுகொண்டு இப்படிக் கேட்கலாமா? சின்னப் பிள்ளைகளை மட்டும் அந்த அம்மா யாரிடமும் விடாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அவர்கள் வாய்விட்டுச் சொல்வதற்கென்றே எழுதிய உரைநடைத் துதிகள் 1781இல் புத்தகமாக வந்தன. அந்தக் குட்டி வகுப்பில் டென்மனோடு இன்னொரு பொடியன், வில்லியம் கெல். பின்னாளில் டிராய் சமவெளியையும் இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தையும் அளந்து வரைந்து எழுதிய அதே கெல்.

இப்போது 1820க்கு வாருங்கள். புதிதாகப் பட்டத்துக்கு வந்த நான்காம் ஜார்ஜ், மனைவி கேரோலைன் நடத்தை கெட்டவள் என்று சொல்லி அவரை விலக்கப் பிரபுக்கள் சபையில் மசோதா கொண்டுவருகிறார். அரசியின் பக்கம் நிற்கும் வக்கீல்களில் ஒருவர் டென்மன். அரசிக்காகச் சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர், அவரிடம் ஒரு காலத்தில் அரண்மனை அதிகாரியாக இருந்த கெல். பால்கிரேவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிய இரண்டு பொடியன்கள், ஒரே சபையில், ஒரே கட்சியில், ராஜாவுக்கு எதிரே. அந்த அம்மா அப்போது ஸ்டோக் நியூவிங்டனில் உயிரோடு இருந்தார், 77 வயது.

டென்மன் பேசும்போது, மனைவி ஒக்டேவியாவைத் துரத்திய ரோமாபுரி நீரோவை இழுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஒக்டேவியாவின் பணிப்பெண் சொன்ன காரமான பதில் ஒன்றைக் கிரேக்கத்தில் வேறு சொல்லிவைத்தார். கிரேக்கம் ஈட்டனின் உபயமாகவே இருக்கட்டும். மசோதா அந்த நவம்பரில் கைவிடப்பட்டது. ஆனால் அந்த மேற்கோள் தன்னைத்தான் குத்தியது என்று ராஜாவுக்குத் தீராத கோபம், டென்மனுக்கு நியாயமாக வரவேண்டிய மூத்த வக்கீல் அந்தஸ்தைக் கொடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதம். 1828இல் பிரதமர் வெலிங்டன் பிரபு நடுவில் புகுந்து பேசிய பிறகுதான் மனசு இறங்கியது. 1832இல் டென்மன் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி. அதைத்தான் அண்ணன் "டாக்டர் வீட்டுப் பிள்ளை நீதிபதி ஆனான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அண்ணே, ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். எந்த வீட்டில், எந்த அப்பா, "போய் ராஜாவை நீரோ என்று சொல்லிவிட்டு வா" என்று பிள்ளையை வளர்ப்பார்? வணக்கம்.