இளைப்பு நோயும் இதயமும்

அனைவருக்கும் வணக்கம்.

சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு முடிவு மூச்சுத்திணறலில்தான் வரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால், அவர்களில் கணிசமானோரின் உயிரை எடுப்பது மாரடைப்பும் இதயச் செயலிழப்பும். நோய் முற்றியவர்கள்தான் இதற்குப் பயப்பட வேண்டும் என்பதில்லை. இளைப்பு லேசாக இருக்கும் கட்டத்திலேயே இந்த ஆபத்து உண்டு.

‘பீடி, சிகரெட் பிடித்தார், இரண்டும் வந்தது’ என்று சொல்லிவிடலாம். அது பாதிதான் உண்மை. புகைப்பழக்கத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் இந்த நோயாளிகளுக்கு இதய ஆபத்து கூடுதலாகவே இருக்கிறது. புகையிலையையே தொடாத, விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்த நம் தாய்மார்களுக்கும் இந்த நோய் வருகிறது. அவர்கள் மாடிப்படியில் நின்று நின்று ஏறினால் ‘வயசாயிடுச்சு’ என்கிறோம். பரிசோதனைக்குக்கூட அழைத்துப் போவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது? நுரையீரலில் மூண்ட அழற்சி அங்கேயே நிற்பதில்லை. ரத்தத்தின் வழியே பரவி ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது, ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. காற்று முழுவதும் வெளியேறாமல் உப்பி நிற்கும் நுரையீரல், இதயத்தில் ரத்தம் நிரம்பவிடாமல் நெருக்குகிறது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அதை எதிர்த்துப் பாடுபட்டு இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோகும். கால் வீங்குவது அப்போதுதான்.

இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொன்று. சளி முற்றி, இழுப்பு அதிகமாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, நெபுலைசர் வைத்து, ஒருவழியாக வீட்டுக்கு வருகிறார் அல்லவா, அந்த நாட்கள்தான் இதயத்துக்கு மிக மோசமானவை. சம்மிட் என்ற பெரிய ஆய்வில் இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 16,000-க்கும் மேற்பட்ட சிஓபிடி நோயாளிகள் இருந்தார்கள். அந்த விவரங்களை அலசி 2018-இல் வெளியான முடிவு இது: நோய் திடீரென மோசமான பிறகு வரும் முதல் 30 நாட்களில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு மோசமானவர்களுக்கு ஏறத்தாழ பத்து மடங்கு. வீட்டில் எல்லாரும் ‘அப்பாடா’ என்று மூச்சு விடும் வாரங்கள் இவை!

ஆகவே அந்தச் சமயத்தில் நெஞ்சு பாரமாக இருக்கிறது, வியர்க்கிறது, இன்ஹேலர் எடுத்தும் மூச்சு அடங்கவில்லை என்றால், வாயு என்று சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போதே, “இதயத்தையும் பார்த்துவிட்டீர்களா டாக்டர்?” என்று கேளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் எக்கோவும். ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நுரையீரலுக்கும் இதயத்துக்கும் நல்லது.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. இளைப்பு இருக்கிறது என்பதற்காகவே, இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைச் சிலர் தாங்களாக நிறுத்திவிடுகிறார்கள். மாரடைப்பு வந்தவருக்கு, பெரும்பாலும் இதயத்தில் வேலை செய்யும் வகையை சிஓபிடி இருந்தாலும் கொடுக்கலாம். இதயக் காரணம் இல்லாதவருக்கு அது வேண்டியதில்லை. மெட்டோபுரோலால் என்ற பீட்டா பிளாக்கரை வைத்துச் செய்து 2019-இல் வந்த ஆய்வு அதைக் காட்டிவிட்டது.

இதய நோயாளிகளுக்கும் சொல்கிறேன். ஸ்டென்ட் வைத்த பிறகும் மூச்சு வாங்குகிறது, முன்பு புகைபிடித்தவர் என்றால், ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சில நிமிட வேலைதான்.