எந்தத் தேதி, எதன் தேதி? – ஆங்கிலோ சாக்சன் தேவாலயங்களை ஆராய்வது குறித்து

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்கள் பலவற்றின் வாசலில், இது ஆங்கிலோ சாக்சன் காலத்துக் கட்டடம் என்று எழுதியிருக்கும். ஐந்தாம் நூற்றாண்டு முதல் 1066 வரையிலான காலம் அது. அங்கே எது அந்தக் காலத்தது என்று கேட்டுப் பழக வேண்டும். சுவரா, சுவரில் பதித்த கல்லா, மரமா, தரைக்கடியில் கிடக்கும் எலும்பா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயது உண்டு. ஒன்றின் வயதை இன்னொன்றின் தலையில் கட்டியதால் வந்த குழப்பங்கள் இந்தத் துறையில் ஏராளம்.

குளோஸ்டர்ஷயரில் உள்ள டீர்ஹர்ஸ்டில் 1675-இல் ஒரு லத்தீன் கல்வெட்டு கிடைத்தது. ஓடா பிரபு, அங்கே இறந்துபோன தம் சகோதரர் ஆல்ஃப்ரிக்கின் ஆன்மாவுக்காக ஓர் ஆலயம் கட்டினார், ஈல்ட்ரெட் ஆயர் ஏப்ரல் 12 அன்று அதை அர்ப்பணித்தார் என்று அதில் இருந்தது. எட்வர்ட் அரசரின் ஆட்சியாண்டையும் குறித்திருந்ததால் 1056 என்று கணக்கிட முடிந்தது. பக்கத்திலேயே புனித மரியாள் தேவாலயம் பெரிதாக நிற்கிறது. கல்வெட்டு அதனுடையதுதான் என்று இருநூறு ஆண்டுகள் நம்பினார்கள். 1885-இல் அருகிலிருந்த பண்ணைவீட்டைப் பழுதுபார்த்தபோது, பூச்சுக்கு அடியிலிருந்து ஒரு சிறிய ஆலயமே வெளிப்பட்டது. கல்வெட்டுக்குச் சொந்தக்காரர் அதுதான். தேதியில் பிழையில்லை, கட்டடம்தான் மாறிப்போயிருந்தது.

ஆகவே ஆவணத்திலிருந்து தொடங்குங்கள், ஆனால் அதையே பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கேடு வரிக்காக எழுதப்பட்டது. பல ஊர்களில் குருவானவர் இருந்தார் என்று வரும், தேவாலயம் இருந்ததா என்று வராது. ஏட்டில் இல்லாததால் ஊரிலும் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மடங்களின் நிலப் பட்டயங்களில் பெரும்பாலானவை பிற்காலப் படிகளாகவே நமக்குக் கிடைக்கின்றன, போலிகளும் கலந்திருக்கின்றன.

அடுத்து சுவர். இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். சுவர் முழுவதையும் 1:20 அளவில் கல் கல்லாக வரையுங்கள், ஒவ்வொரு சாந்தையும் நிறம், மணல், சுண்ணாம்புக் கட்டி பார்த்துத் தனித்தனியாகக் குறியுங்கள். மூலைகளில் ஒரு கல் நெட்டுக்குத்தாகவும் அடுத்த கல் படுக்கையாகவும் மாறி மாறி வருகிறதா, சன்னல் உள்ளும் புறமும் விரிந்து நடுவில் குறுகுகிறதா, முக்கோணத் தலையுடன் இருக்கிறதா, சுவர் ஒரு மீட்டருக்கும் குறைவான கனத்தில் உயர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். இவை சாக்சன் கைவேலையின் அடையாளங்கள். ஆனால் 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் வென்ற மறுநாளே ஊர்க் கொத்தனார் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பாணி மட்டும் காலத்தை முடிவுசெய்யாது.

எது எதன்மேல் நிற்கிறது என்பதுதான் வலுவான சாட்சி. ஹம்பர் நதிக்கரை பார்ட்டனின் புனித பேதுரு தேவாலயக் கோபுரத்தில் மேல்தளம் நார்மன் சாயலில் இருக்கிறது, அதற்குக் கீழே கற்பட்டைகள் ஓடும் வேறொரு வேலைப்பாடு. மேலே உள்ளதைவிடக் கீழே உள்ளது முந்தியதாகத்தானே இருக்க முடியும்? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் தாமஸ் ரிக்மன் இந்த எளிய வாதத்தை வைத்துத்தான் சாக்சன் கட்டடங்களைப் பிரித்துக் காட்டினார்.

பொருளையும் அப்படியே நம்பிவிட முடியாது. நார்தாம்டன்ஷயரின் பிரிக்ஸ்வர்த் தேவாலய வளைவுகளில் ரோமானியச் செங்கல் நிறைய இருக்கிறது. செங்கல்லின் வயது சுவரின் வயது அல்ல. சாந்தில் சிக்கிய கரித்துண்டைக் கரிமக் காலக்கணிப்புக்கு, அதாவது கதிரியக்கக் கரிமம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து வயது காணும் சோதனைக்கு, அனுப்பினால், சுண்ணாம்புச் சூளையில் எரித்த மரத்தின் வயதுதான் வரும். முதிர்ந்த மரத்தின் உள்வளையமாக இருந்தால் நூறு, இருநூறு ஆண்டுகள் முந்திக் காட்டும். மெல்லிய சுள்ளிக் கரியாகத் தேடி எடுங்கள், அதுவும் பழுதுபார்த்த மேற்பரப்பிலிருந்து அல்ல, சுவரின் உட்கருவிலிருந்து. சாரம் கட்டிய துளைகளில் பழைய மரத்துண்டு மிஞ்சியிருந்தால் அது அதிர்ஷ்டம்.

மர வளையக் கணக்கும் இப்படித்தான். எசெக்ஸின் கிரீன்ஸ்டெட் தேவாலயத்தில் பிளந்த ஓக் மரங்களை வரிசையாக நிறுத்திய சுவர் உண்டு. அதை முன்பு 845 என்று சொல்லிவந்தார்கள். 1990-களில் வளையங்களை எண்ணியபோது கடைசியாகக் கிடைத்தது 1053-க்குரிய வளையம். ஆனால் அது மரத்தின் உட்பக்கக் கெட்டியான வைரப் பகுதி, அதற்கு வெளியே பட்டையை ஒட்டி இருந்த மென்மையான வெளிறு போய்விட்டது. இங்கிலாந்து ஓக்கில் வெளிறு 10 முதல் 55 வளையங்கள் வரை இருக்கும் என்ற கணக்கைக் கூட்டினால், மரம் வெட்டப்பட்டது 1063-க்கும் 1108-க்கும் இடையில். சாக்சனா, நார்மனா என்ற கேள்விக்கு இந்த இடைவெளி பிடிகொடுப்பதில்லை.

இதையெல்லாம்விடச் சிக்கலானது டெர்பிஷயரின் ரெப்டன். மத்திய இங்கிலாந்தில் இருந்த மெர்சியா நாட்டின் அரசர்களை அடக்கம் செய்த இடம் அது. 757-இல் கொல்லப்பட்ட ஏதல்பால்டும், பின்னர் விக்லாஃபும், 849-இல் கொலையுண்ட அவர் பேரன் விஸ்டனும் அங்கே கிடத்தப்பட்டார்கள். தேவாலயத்துக்கு அடியில், திருகிய பட்டை சுற்றிய நான்கு தூண்கள் தாங்கும் நிலவறை மறக்கப்பட்டு, 1779-இல் கல்லறைக்குக் குழி தோண்டியவர் கூரையை உடைத்துக்கொண்டு போனபோதுதான் மீண்டும் தெரியவந்தது. 873-இன் குளிர்காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங் படை ரெப்டனில் தங்கியது என்று ஆங்கிலோ சாக்சன் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது.

தொல்லியலாளர்களான மார்ட்டின் பிடில், பிர்தே கெல்பி பிடில் தம்பதியர் 1974 முதல் 1988 வரை அங்கே அகழ்ந்தார்கள். தேவாலயத்தையே மதிலின் பகுதியாக்கி வெட்டிய அகழி வந்தது. மேற்கே ஒரு மேட்டுக்கடியில், இடித்துத் தாழ்த்திய பழைய கட்டடத்துக்குள் குறைந்தது 264 பேரின் எலும்புகள், கூடவே 870-களைச் சேர்ந்த வெள்ளிக் காசுகள். காசுகளைப் பார்த்தால் இவர்கள் அந்த வைக்கிங் படையினர் என்று தோன்றும். ஆனால் கரிமக் கணிப்பில் சில எலும்புகள் 7, 8-ஆம் நூற்றாண்டு என்று வந்தன. அங்கே முன்பு இருந்த மடத்துத் துறவிகளின் எலும்பையும் சேர்த்துக் குவித்துவிட்டார்களா என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது.

விடை இறந்தவர்களின் சாப்பாட்டில் இருந்தது. கடல்நீரின் கரிமம் காற்றிலுள்ளதைவிட ஏறத்தாழ 400 ஆண்டுகள் பழையதாகத் தோன்றும். மீன் அதிகம் தின்றவரின் எலும்பிலும் அந்தப் பழைமை ஏறிவிடும். கரிம, நைட்ரஜன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளந்து கடலுணவின் பங்கைக் கண்டுபிடித்துக் கழித்தால்தான் சரியான தேதி கிடைக்கும். அப்படித் திருத்திய கணக்கு 2018-இல் வெளியானது. எலும்புகள் எல்லாம் 873-ஐ ஒட்டிய காலத்தோடு பொருந்தின.

குழி தோண்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சொந்தமான தேவாலயத்தில் மறைமாவட்ட அனுமதி இல்லாமல் தரைக்கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. முதலில் தரை ஊடுருவும் ரேடாரை அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டுங்கள். தெளிவான கோடு கிடைத்தவுடன் சாக்சன் அடித்தளம் என்று துள்ளாதீர்கள், பெரும்பாலும் அது விக்டோரியா காலத்து வெந்நீர்க் குழாய்க் கால்வாய். கல்லறைத் தோட்டத்திலோ, ஆயிரம் ஆண்டுகளாக ஒரே மண்ணைப் புரட்டியிருப்பார்கள். கல்லறைகளுக்கு நடுவே தப்பித்த மண்ணடுக்கு சில இடங்களில் முழம் அகலம்தான் இருக்கும். அடுத்தடுத்த துண்டுகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்பதற்காக அவற்றை இணைத்துவிடாதீர்கள். எந்தக் குழி எதை வெட்டுகிறது என்று பதிந்த பிறகே இணையுங்கள்.

எடுத்த மாதிரி முழுவதையும் ஒரே சோதனையில் கரைத்துவிடவும் கூடாது. ரெப்டன் எலும்புகள் பத்திரமாக இருந்ததால்தான் முப்பது ஆண்டு கழித்துத் திரும்ப அளக்க முடிந்தது. பார்ட்டனில் 1978 முதல் 1984 வரை அகழ்ந்தெடுத்த ஏறத்தாழ 2,800 எலும்புக்கூடுகளை, ஆய்வுக்குப் பின் அதே தேவாலயத்துக்குள் தனி எலும்பறையில் வைத்தார்கள். மறுபடி மண்ணில் புதைக்காததால், புதிய கேள்வியோடு வருபவர் அவற்றை மீண்டும் ஆராய முடியும்.