சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றால் அந்த வீடு எந்த ஊரில் இருந்தால் என்ன என்று கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். மென்பொருள்களுக்கான கையேடுகளை ஒப்பந்த முறையில் எழுதித் தருவது என் தொழில். என்னுடன் பணிபுரியும் குழு சென்னையில் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்த ஊரோ ஸ்பெயினுக்கு உரிய கனேரித் தீவுகளில், கிரான் கனேரியா தீவின் வடகிழக்கு முனையில் இருக்கும் லாஸ் பால்மாஸ். தொலைவிலிருந்து வேலை செய்வோர் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் குளிர்காலத்தில் அங்கே வந்து குவிகிறார்கள். அவர்களை நம்பி நடப்பவைதான் கோலிவிங் எனப்படும் கூட்டுக் குடியிருப்புகள். அறை நமக்கு, சமையலறை, கூடம், வேலை மேசைகள், மொட்டை மாடி எல்லாம் பொது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியவர்களுக்கு இதில் பெரிய வியப்பு ஒன்றும் இராது. மேன்ஷனில் சமையலறை கிடையாது, இங்கே உண்டு, அவ்வளவுதான்.

அப்படி ஒரு குடியிருப்பை நான் முதல்முறை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படங்களைப் பார்த்தேன். மொட்டை மாடியில் ஊஞ்சல் இருந்தது. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள லாஸ் கான்டெராஸ் கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை என்று எழுதியிருந்தது. பணத்தைக் கட்டிவிட்டேன்.

போய்ப் பார்த்தால், அறையின் சன்னல் தெருவைப் பார்க்கவில்லை. கட்டடத்தின் நடுவே கிணறு போல இறங்கும் ஒரு முற்றத்தைப் பார்த்தது. ஸ்பெயின் நகரங்களின் பழைய அடுக்குமாடிகளில் இத்தகைய முற்றங்கள் சாதாரணம். காற்றும் கொஞ்சம் வெளிச்சமும் வருவதற்காக விட்ட இடம் அது. நான்கு மாடிகளின் சமையலறைச் சன்னல்களும் அதற்குள்தான் திறக்கும், குறுக்கே துணிக்கொடிகள் ஓடும். அந்த ஊரில் இரவுச் சாப்பாடே ஒன்பது, பத்து மணிக்குத்தான். பதினொன்றரைக்கு யாரோ பாத்திரம் கழுவும் ஓசையும், பூண்டு வதங்கும் வாசனையும் என் தலையணைவரை வந்துவிடும்.

இதுகூடப் பொறுக்கத்தக்கதே. பெரிய தொல்லை என்னால் மற்றவர்களுக்கு நேர்ந்தது. கனேரித் தீவுகளின் கடிகாரம் குளிர்காலத்தில் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. சென்னையில் காலை 10 மணிக் கூட்டம் என்றால் எனக்கு விடியற்காலை 4.30. குடியிருப்பின் பொது வேலைக்கூடத்தையோ எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே அறையில் உட்கார்ந்தே பேசினேன். என் குரல் முற்றத்தின் வழியாக நான்கு மாடிக்கும் ஏறியிருக்கிறது. மூன்றாம் நாள் என் கதவில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது; மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள், ஆனாலும் எனக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டின் மீதும் குற்றமில்லை, அங்கிருந்தவர்கள் மீதும் குற்றமில்லை. அந்த வீடு ஐரோப்பிய நேரத்தில் வேலை செய்பவர்களுக்கானது. பெர்லின் அலுவலகத்தின் 9 மணி அவர்களுக்கு 8 மணி. ஆக, கூடத்தை எட்டுக்குத் திறந்தால் அவர்களுக்குப் போதும். நியூயார்க்கோடு வேலை செய்கிறவருக்கு அலுவல் தொடங்குவதே பிற்பகல் 2 மணிக்கு. அவர் இரவு பத்துவரை பேசிக்கொண்டிருப்பார்.

எனவே உங்கள் வேலை நேரத்தை அந்த ஊரின் மணிக்கு மாற்றித் தாளில் எழுதிக்கொண்டு, அந்த மணிகளில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்பப் பின்தள்ளுவார்கள். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லாததால், இரண்டாவது திங்கட்கிழமைக்குள் எவராவது ஒருவர் கூட்டத்தைத் தவறவிடுவது உறுதி.

இணைய வேகத்தைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், ஆனால் பாதியைத்தான் கேட்கிறார்கள். ஸ்பெயின் நகரங்களில் ஒளியிழை இணைப்பு பரவலாக இருப்பதால், வாசலுக்கு வந்து சேரும் வேகத்தில் பொதுவாகக் குறையிராது. அது பழைய கட்டடத்தின் தடித்த சுவர்களைத் தாண்டி உங்கள் அறைக்கு எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி. மேலேற்றும் வேகத்தை, உங்களுக்குத் தரப்போகும் அதே அறையில், வீடு நிறைந்திருக்கும் மாலை வேளையில் சோதித்துப் படம் அனுப்பச் சொல்லலாம். நல்ல பொறுப்பாளர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.

இனி வெயில். ஆண்டு முழுதும் இளவேனில் என்று விளம்பரங்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. சனவரியிலும் போர்வை ஒன்று போதும். ஆனால் ஜூலையிலும் ஆகஸ்டிலும், மற்ற ஊர்கள் வெயிலில் காயும்போது, லாஸ் பால்மாஸின் மீது வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று கொண்டுவரும் மேகம் சாம்பல் நிறத்தில் நாள்கணக்கில் கவிந்து நிற்கும். உள்ளூர்க்காரர்கள் அதைக் கழுதை வயிறு என்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அதே நாளில் தீவின் தென்கோடியில் மாஸ்பலோமாஸ் வெயிலில் பளிச்சென்று கிடக்கும். வேறு சில நாள்களில் சகாராவிலிருந்து கலிமா என்னும் புழுதிக்காற்று வந்து, மேசையில் விரலால் பெயர் எழுதலாம் என்னும் அளவுக்குப் படியும். ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. என் அலமாரியில் தோல் இடைவாரின் மேல் இரண்டே மாதத்தில் பச்சைப் பூஞ்சை பூத்தது. காலை வெயில் உள்ளே விழும் அறை கிடைத்தால் கடல் தெரியாவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

ஊரின் வடபகுதி ஒரு குறுகிய நிலக்கழுத்து. மேற்கே கடற்கரை, கிழக்கே துறைமுகம். கடற்கரையின் வடபாதிக்கு எதிரே கடலுக்குள் ஒரு பாறைவரிசை அணைபோல் நிற்பதால் அங்கே தண்ணீர் அமைதியாக இருக்கும். தென்கோடியில், லா சிசேர் பகுதியில், அந்தத் தடுப்பு இல்லை. அலைச்சறுக்கு விளையாடுவோருக்குக் கொண்டாட்டம், சன்னலோரம் உட்கார்ந்து கூட்டத்தில் பேசுகிறவருக்குப் பேரிரைச்சல்.

சமையலைப் பற்றி ஒரு சொல். கண்ணாடி மேற்பரப்புள்ள மின்னடுப்புகளே அங்கு மிகுதி. அடி குவிந்த இரும்புச் சட்டி அதில் நிற்காது. தூண்டல் அடுப்பாக இருந்தால் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. பருப்புக்கும் மிளகாய்த்தூளுக்கும் கவலை வேண்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சிந்தி வணிகர்கள் இந்தத் துறைமுகத்தில் கடை நடத்திவருகிறார்கள். குக்கர் விசிலைக் கேட்டு ஃபின்லாந்துக்காரர் ஒருவர் சமையலறையை விட்டு ஓடியதை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

இனி ஆவணங்களுக்கு வருவோம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான 90 நாள் ஷெங்கன் சுற்றுலா விசா இத்தகைய வாழ்க்கைக்கானதல்ல. ஸ்பெயினின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தொலைப்பணியாளர்களுக்கென்று தனி விசாவை ஏற்படுத்தியிருக்கிறது; வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இருமடங்காவது இருக்கவேண்டும். அதில் வருபவர் தாம் வசிக்கும் முகவரியை நகராட்சிப் பதிவேட்டில் பதிவது பல வேலைகளுக்குத் தேவைப்படும். கூட்டுக் குடியிருப்புகள் பெரும்பாலும் குறுகிய காலப் பருவ ஒப்பந்தம் போடுகின்றன. சில, இந்தப் பதிவுக்கு ஒத்துழைக்கத் தயங்குகின்றன. முன்பணம் கட்டுமுன் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தீவுகளில் வாடகை உயர்வு கொதிப்பான விஷயம் என்பதும் தெரிந்திருக்கட்டும். 2024 ஏப்ரலில் பல்லாயிரம் பேர் சுற்றுலாப் பெருக்கத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் வாழ்ந்த அடுக்குகளைக் காலிசெய்து அமைத்த வீடா என்று இரண்டாம் முறை வீடு தேடும்போது கேட்டேன். பழைய தங்குவிடுதியை மாற்றிய கட்டடம் என்று பதில் வந்தது.

அந்த இரண்டாம் வீட்டுக்கு நான் எழுதிய கடிதத்தில் பதினோரு கேள்விகள் இருந்தன. பொறுப்பாளரான அம்மையார் பத்துக்கு ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டு, விடியற்காலை நாலரைக்கு எங்கே உட்கார்ந்து பேசலாம் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு படம் அனுப்பியிருந்தார்: தரைத்தளத்தில், சலவை அறையை அடுத்து, தெருவைப் பார்த்த சன்னலருகே ஒரு சிறு மேசை, சாய்வுள்ள நாற்காலி, சுவரில் மின்செருகி. மொட்டை மாடியின் படத்தை அவர் அனுப்பவுமில்லை, நான் கேட்கவுமில்லை. அடுத்த ஏழு மாதம் அந்த மேசையில்தான் கழிந்தது.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்டிருந்த உங்களுக்கும் நன்றி, வணக்கம்.