கொடி பிடித்த கை என்ன செய்யும்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நாட்டுப்பற்று நல்லதா, ஆபத்தா என்பது தலைப்பு; நல்லது என்பது எங்கள் அணி. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் 1914-ல் நாட்டுப்பற்று வெறியாகி, முதல் உலகப் போரில் ஐரோப்பாவே தீப்பற்றி எரிந்ததைச் சொன்னார். எரிந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் உட்காரப் போகும்போது ஒரு வரி வீசினாரே, "கொடி பிடித்த கை சீக்கிரமே கல்லைப் பிடிக்கும்" என்று! நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காமல் நான் இறங்கப் போவதில்லை.

1989, ஆகஸ்ட் 23. எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் சோவியத் பிடியில் இருந்த காலம். சரியாக 50 வருஷத்துக்கு முன்னால், அதே தேதியில், ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டுக் கிழக்கு ஐரோப்பாவை ரகசியமாகப் பங்கு பிரித்தார்கள். அந்த ரகசியத்தை உலகத்தின் காதில் போட வேண்டும். ஆயுதம் கிடையாது. என்ன செய்தார்கள்? கைகோத்தார்கள். எஸ்தோனியத் தலைநகர் தாலின் கோபுரத்திலிருந்து லாட்வியத் தலைநகர் ரிகா வழியாக லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ் கோபுரம் வரை, 675 கிலோமீட்டர்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். கையை விரித்தால் ஒரு ஆளுக்கு ஒன்றரை மீட்டர். நாலரை லட்சம் பேர் போதும். வந்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். மூன்று நாட்டு ஜனத்தொகையில் நாலில் ஒருவர்!

ஆள் வந்தால் மட்டும் போதுமா? ஊருக்குள் நெருக்கியடித்து நிற்பார்கள், காட்டுச் சாலை காலியாகக் கிடக்கும். ஓரிடத்தில் அறுந்தாலும் அது சங்கிலி இல்லையே. அதனால் சாலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஊர் ஊராக ஒப்படைத்தார்கள். பேருந்து விட்டார்கள். எங்கே ஆள் குறைகிறது, எப்போது கைகோக்க வேண்டும், எல்லாம் வானொலி சொன்னது. கார் நெரிசலில் சிக்கியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டுக்குத் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே இறங்கித் தனிச் சங்கிலி போட்டார்கள். மாலை 7 மணி. 15 நிமிஷம்.

இப்போது எதிரணித் தலைவரைக் கேட்கிறேன். ஐயா, வலது கை ஒருவரிடம், இடது கை இன்னொருவரிடம். கல்லை எந்தக் கையால் எடுப்பது?

இன்னும் கேளுங்கள். அந்தச் சங்கிலி இரண்டு எல்லைகளைக் கடந்தது. எஸ்தோனியர் பேசினால் லாட்வியருக்குப் புரியாது. ஆனாலும் எல்லைக்கோட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். தன் நாட்டை நேசித்தவர்தான் ஐயா, அடுத்த நாட்டுக்காரர் கையையும் பிடித்தார்!

நாலே மாதத்தில், டிசம்பரில், அந்த ரகசிய உடன்பாடு செல்லாது என்று சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவையே அறிவித்தது. 1991-ல் மூன்று நாடும் விடுதலை.

சும்மா கிடைக்கவில்லை அம்மா. அந்த 1991 ஜனவரியில் வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைச் சுற்றி வெறுங்கையோடு நின்ற கூட்டத்தின் மீது சோவியத் டாங்கிகள் வந்தன. 14 உயிர் போயிற்று. பதினாலு வீட்டில் பிள்ளை திரும்பி வரவில்லை. அன்றிரவே நாடாளுமன்றத்தைச் சுற்றி ஆயிரமாயிரமாக ஜனங்கள் வந்து நின்றார்கள். பயம் இல்லாமலா வந்தார்கள்? என் நாடு என்று வந்தார்கள்!

நடுவர் அவர்களே, அந்தப் பதினாலு தாய்மாரும் இந்த முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எங்கள் அணிக்குத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.