வீட்டில் கொஞ்சும் ஆயாவும் தாத்தாவும் கோயிலுக்கு ஏன் அழைத்துப்போவதில்லை?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் தமிழ்ப் பெண். கணவர் ஜூலு என்ற ஆப்பிரிக்க இனத்தவர். ஏழு வயதில் ஒரு மகளும் மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். தம் பெற்றோர் இந்தக் குழந்தைகள் மீது உயிரையே வைத்திருக்கிறார்கள் என்றும், தாத்தா பேத்தியை மடியில் உட்கார வைத்து முருகன் பாடல்கள் சொல்லிக்கொடுக்கிறார் என்றும் அவரே எழுதுகிறார். ஆனால் உறவினர் வீட்டுக் கல்யாணம், காவடித் திருவிழா என்று வந்துவிட்டால், "கூட்டத்தில் பிள்ளைகளுக்குக் கஷ்டம், வீட்டிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுகிறார்களாம். "வெயிலில் நிற்காதே, இன்னும் கறுத்துப்போவாய்" என்று ஆயா சொல்வதும், தலை வாரும்போது இந்த முடியை என்னதான் செய்வது என்று அலுத்துக்கொள்வதும் மகளின் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. "என் பெற்றோரை நான் எப்படிப் புரிந்துகொள்வது, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் பெற்றோரின் பாசத்தை நான் சிறிதும் சந்தேகிக்கவில்லை. ஆனாலும், நான்கு சுவர்களுக்குள் மட்டும் காட்டப்படும் பாசம் ஒரு குழந்தைக்குப் போதாது என்பதுதான் என் உறுதியான கருத்து. தான் யாருடைய பேத்தி என்பதைக் குழந்தை மடியில் இருக்கும்போது தெரிந்துகொள்வதில்லை. ஊரார் முன்னிலையில் தாத்தா தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது.

அவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் பெற்றோர் அறுபது வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அவர்களுடைய பிள்ளைப்பருவமும் இளமையும் முழுவதும் இனவொதுக்கல் சட்டங்களுக்குள் கழிந்தவை. 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் இந்த நாட்டில் பிறந்த ஒவ்வொருவரையும் ஓர் இனப் பிரிவுக்குள் அடைத்தது. அதே ஆண்டில் வந்த குழுப் பகுதிகள் சட்டம் எந்தப் பிரிவினர் எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழித்தது. நீங்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தே அந்தச் சட்டத்தின்படி இந்தியர்களுக்கென்று உருவாக்கப்பட்ட ஊர்தான். பக்கத்தில் இருக்கும் உம்லாசி ஆப்பிரிக்கர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. நமக்கும் ஜூலு மக்களுக்கும் இடையிலான திருமணத்தை அன்றைய சட்டம் தடை செய்திருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. 1949ஆம் ஆண்டின் கலப்பு மணத் தடைச் சட்டம் வெள்ளையருக்கும் பிறருக்கும் இடையிலான திருமணத்தைத்தான் தடுத்தது. 1985இல் அது நீக்கப்பட்டது. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் திருமணத் தடை தேவைப்படவே இல்லை. ஒரே தெருவில் வாழ முடியாமல், ஒரே பள்ளியில் படிக்க முடியாமல் செய்துவிட்டால் பிறகு யார் யாரைத் திருமணம் செய்துகொள்ளப்போகிறார்கள்?

ஆயா முடியைப் பற்றிப் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் ஒருவர் எந்த இனம் என்பதில் ஐயம் வந்தால், அதிகாரிகள் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். அது நழுவி விழுந்தால் ஒரு பிரிவு, சிக்கி நின்றால் வேறொரு பிரிவு. மனிதரின் முடியை அரசாங்கமே தரம் பிரித்த நாட்டில் உங்கள் அம்மா வளர்ந்தார். அந்தப் பதிவுச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. ஆனால் சீப்பைக் கையில் எடுக்கும்போது வரும் அந்த அலுப்பை எந்த நாடாளுமன்றமும் நீக்கவில்லை.

அச்சமும் இருக்கிறது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே வெடித்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். உங்கள் பெற்றோர் அப்போது பிறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். 2021 ஜூலையில் நடந்த கலவரத்தின்போது, டர்பனில் இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் உயிரிழந்தார்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். உங்கள் கணவர் வீட்டாருக்கும் அச்சப்படக் காரணம் இருக்கிறது என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பதனால் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இவ்வளவும் சொன்னது அவர்கள் செய்வதை நியாயப்படுத்துவதற்காக அன்று; எந்த இடத்தில் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. "நம் வழக்கத்தில் இப்படி இல்லை" என்று தாத்தா சொன்னால், நம் வழக்கம் எப்படி வந்தது என்று மரியாதையோடு கேளுங்கள். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்த பிறகு, கரும்புத் தோட்டங்களில் பெண்கள் மிகக் குறைவாக இருந்த நிலையில், சாதி பார்க்காமல் நடந்த திருமணங்கள் எத்தனையோ! தமிழரும் தெலுங்கரும், பின்னர் இந்தி பேசுவோரும், ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். அந்தத் திருமணங்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று காவடிக்கு முன்னால் நிற்கிறவர்கள்.

குழந்தைக்கு இதெல்லாம் புரியாது என்று பெரியவர்கள் எண்ணுவது தவறு. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் அறிஞர்கள், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்ல பொம்மை என்றார்கள். உங்கள் மகனுக்கு மூன்று வயது ஆகிவிட்டது.

இனி, செய்ய வேண்டியவை. இந்தப் பேச்சை உங்கள் கணவரிடம் விட்டுவிடாதீர்கள். மகளாகிய நீங்கள், குழந்தைகள் இல்லாத நேரத்தில், அம்மா அப்பா இருவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். "நீங்கள் இனம் பார்க்கிறீர்கள்" என்று குற்றம் சாட்டினால் கதவு மூடிவிடும். "இன்ன நாளில் நீங்கள் சொன்ன இன்ன சொல்லைக் கேட்டு அவள் கண்ணாடி முன்னால் நின்றாள்" என்பதுபோல நடந்ததை மட்டும் சொல்லுங்கள். வெயில், நிறம் பற்றிய பேச்சு இனி ஒருமுறைகூட வரக்கூடாது என்பதை மட்டும் தயக்கமில்லாமல் கேளுங்கள். அதன் பிறகும் வந்தால், சண்டையிடாமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

முடிக்கு வருவோம். சுருண்ட முடியை உலர்ந்த நிலையில் வாரினால் வலிக்கும், உடையும். ஆயாவின் அலுப்பில் பாதி அவருக்கு முறை தெரியாததனால் வருவது. ஈரமாக இருக்கும்போது எண்ணெய் தடவி, பகுதி பகுதியாகப் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கி வார வேண்டும். இதை உங்கள் மாமியார் கைகண்டவராக இருப்பார். குழந்தைகளின் கோகோவை (ஜூலு மொழியில் பாட்டி) ஒருநாள் உங்கள் அம்மா வீட்டுக்கு அழைத்து வந்து, இரண்டு பாட்டிமாரும் சேர்ந்து பேத்திக்குப் பின்னல் போடட்டும். அந்த ஒரு மணி நேரம் செய்வதை நான் பத்து விளக்கங்களில் செய்ய முடியாது.

கேட்க வேண்டிய முக்கியமான ஒன்று இருக்கிறது. தந்தை வழியில் இம்பெலெகோ சடங்கு செய்து குழந்தையை முன்னோர்களுக்கு அறிமுகம் செய்யும் வழக்கம் ஜூலு குடும்பங்களில் உண்டு. நம் பக்கத்தில் முடி இறக்குதலும் காது குத்தும் இருக்கின்றன. மகனுக்கு இன்னும் அவை நடக்கவில்லை என்றால், உறவினரை அழைத்து, கோயிலில், உங்கள் சகோதரரின் மடியில் உட்கார வைத்துக் காது குத்தும்படி உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். அழைப்பை அவர் பெயரிலேயே அனுப்பச் சொல்லுங்கள். அன்று யாராவது "இது யார் குழந்தை?" என்று கேட்டால், "என் பேரன்" என்ற பதில் நீங்கள் முந்திக்கொள்ளாமல் அவர் வாயிலிருந்தே வரட்டும். முதல் முறை குரல் தடுமாறினாலும் பரவாயில்லை. அதே நாளில், தாம் சொல்லிக்கொடுத்த பாடலைப் பேத்தி எல்லோருக்கும் கேட்கும்படி சன்னிதியில் பாடட்டும். அதற்கு அவரைச் சம்மதிக்க வைப்பது கடினமாக இருக்காது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவருடைய மற்ற பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பாடல் தெரியும் என்பது அவருக்கே தெரியும்.