இரண்டு செடி, ஒரே கொடி

நேயர்களே, வணக்கம். மிளகாய் வற்றல் போட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். ஒல்லி மிளகாய் நாலு வெயிலில் சலசலவென்று காய்ந்துவிடும். சதைப்பற்றுள்ளது வெளியே சுருங்கியிருக்கும், பிட்டுப் பார்த்தால் விதையைச் சுற்றிப் பூஞ்சை. இங்கே தென்னாப்பிரிக்காவில் நாம் டகா என்கிறோமே, அந்தக் கஞ்சாவின் பூவும் உலர்த்தும்போது அப்படித்தான்.

2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, வயதுவந்தவர்கள் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வளர்க்கலாம். விற்கக் கூடாது. வளர்ப்பைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். அறுத்த பிறகு? "பத்து நாள் தொங்கவிடு" என்பார்கள். என்ன ரகம் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

மூன்று வருடத்துக்கு முன், ஏப்ரலில், டர்பனில் என் கராஜில் ஒரே கொடிக்கயிற்றில் இரண்டு செடிகளைத் தலைகீழாகக் கட்டினேன். ஒன்று நம் ஊர்ப் பெயரையே தாங்கிய டர்பன் பாய்சன் என்ற ரகம். நீண்டு, இடைவெளி விட்ட பூங்கதிர். மற்றது இண்டிகா என்ற குட்டையான, அடர்ந்த வகையின் வழி வந்த கலப்பினம். பூ கையில் கல் மாதிரி. ஆறாம் நாள் டர்பன் பாய்சனின் காம்பை வளைத்தேன், படக்கென்று ஒடிந்தது. மற்றதைத் தொட்டுப் பார்த்தேன், மொறுமொறுவென்று இருந்தது. இரண்டையும் தனித்தனிப் போத்தலில் அடைத்துவிட்டேன். நாலு நாள் கழித்துத் திறந்தால், கலப்பினத்திலிருந்து அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தது. பெரிய பூ ஒன்றைப் பிளந்தேன். நடுத்தண்டை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு. ஒரு பருவத்து உழைப்பு, அப்படியே குப்பைக்குப் போனது. அதன் காம்பையும் நான் ஒடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பூ எவ்வளவு நெருங்கிக் கட்டும் என்பது பெரும்பாலும் பரம்பரையில் வருவது. நெருங்கிய பூவுக்குள் இருக்கும் ஈரம் லேசில் வெளியே வராது. நம் கடலோரக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம். அந்த ரகத்தைச் சிறு கிளைகளாகப் பிரித்துக் கட்டுங்கள். டர்பன் பாய்சன் ரகத்தில் ஈரம் சட்டென்று போகும், மணமும் கூடவே போகும். அதன் மணத்தில் முன்நிற்கும் டெர்பினோலீன் என்ற மணப்பொருள் எளிதில் ஆவியாகிவிடும். அதை இலையோடு முழுச்செடியாக, இருட்டில், 18 டிகிரியை ஒட்டி, 60 சதவீத ஈரப்பதத்தில் மெதுவாக உலரவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், நாளை எண்ணாதீர்கள், காம்பை ஒடித்துப் பாருங்கள்.

போத்தலில் பதப்படுத்துவதைப் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் நேரம் முடிந்ததென்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். முக்கால் போத்தல் மட்டும் நிரப்புங்கள், உள்ளே சின்ன ஈரமானி ஒன்று போடுங்கள். 65 சதவீதத்தைத் தாண்டினால் பூவை வெளியே பரப்புங்கள். 60-ஐ ஒட்டி நின்றால், முதல் வாரம் தினமும் ஒருதரம் திறந்து மூடினால் போதும். வணக்கம்.